ஒன்பதாம் நம்பர் செருப்பு

விளக்கு வைப்பதற்கு முன்னால் சுகிர்தா கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுப்பாள். ஆண்கள் போடுகிற பழுப்பு நிறத் தோல் செருப்பு. இடது காலை வாசற்படிக்கு நேராக வைப்பாள். வலதைச் சற்றுத் தள்ளிக் கோணலாகப் போடுவாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் யாரோ வைத்தது மாதிரி இருக்கும், கழற்றிப் போட்டது மாதிரி இருக்காது. கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்ப்பாள். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் கால் விரலால் வலதை இன்னும் கொஞ்சம் திருப்புவாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பின் அடியைத் துணியால் துடைத்து, மறுபடியும் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

விழிதியூரில் அந்தத் தெருவில் தனியாக இருக்கிற பெண் அவள் ஒருத்திதான். கணவன் கதிரவன் கத்தாரில் இருந்தான். மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. நிரவியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் ஏறுமுன் தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொள்வாள். மற்ற நகையெல்லாம் பேங்க் லாக்கரில். சிலிண்டர் போட ஆள் வந்தால் உள்பக்கம் திரும்பி, "என்னங்க, சில்லற இருக்கா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். உள்ளே ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

செருப்பு யோசனை கதிரவனுடையது. பக்கத்து ஊரில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனில் சொன்னான். "என் பழைய செருப்பு கெடக்குல்ல, அத வாசல்ல போட்டு வையி. ஆம்பள இருக்கான்னு நெனச்சுக்குவான்."

போட்டு வைத்தாள். புரட்டாசியில் ஒரு நாய் அதில் ஒற்றையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. காரைக்கால் கடைத்தெருவில் புதுசு வாங்கப் போனபோது, "அண்ணனுக்கு என்ன நம்பருங்க?" என்றார் கடைக்காரர். கதிரவனுக்கு ஏழு. சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். பெரிய காலாக இருந்தால் திருடன் கூடுதலாகப் பயப்படுவான் இல்லையா? "ஒன்பது" என்றாள்.

கதிரவனின் அக்கா அன்னபூரணிக்குப் பின்தெருவில் வீடு. ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்காய் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரு வந்துருக்கா?"

"யாரும் இல்லயே அண்ணி."

"செருப்பு கெடக்கு."

"அது திருடனுக்காகப் போட்டது."

"ஓகோ. இப்பல்லாம் திருடன் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வர்றானா?"

சுகிர்தா சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். "எந் தம்பி காலு இவ்ளோ பெருசா எப்ப வளந்துச்சு?" முருங்கைக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுக் குஞ்சிதபாதம் தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை தெருமுனையைப் பார்த்துக் கிடந்த அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி, அடுத்த வாரம் சுகிர்தாவின் வாசலைப் பார்த்துத் திரும்பியது. பொழுது சாய்ந்தால் அன்னபூரணி அங்கே வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சுகிர்தா பஸ் இறங்கி வருகையில் பேச்சு நிற்கும். கதவைச் சாத்தியதும் ஆரம்பிக்கும்.

"கால வச்சுப் பாத்தா ஆறடி இருப்பான்" என்றார் குஞ்சிதபாதம், அவள் காதில் விழும்படியே.

அந்த வாரமே கதிரவன் கூப்பிட்டான். அக்கா செருப்பின் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

"ஏன் ஒன்பது?"

சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

"சரி, எடுத்துடு."

"இப்ப எடுத்தா, வந்தவன் போயிட்டான்னு பேசுவாங்க."

"அப்ப கெடக்கட்டும்."

"கெடந்தா, உள்ள இருக்கான்னு பேசுறாங்க."

கதிரவன் வேறு வழி சொன்னான். "தெனம் ஏழு மணிக்கு வீடியோல வா. வீட்டச் சுத்திக் காட்டு. எவனாச்சும் உள்ள ஒளிஞ்சிருந்தாத் தெரியும்ல. திருட்டு பயத்துக்குத்தான் சொல்றேன்."

அதன்பிறகு ஏழு மணி என்றால் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். அடுப்படி, கொல்லைக் கதவு, பீரோவுக்குப் பின்னால், கடைசியில் கட்டிலுக்கு அடியில். மண்டியிட்டுப் போனை நீட்டும்போது, கழற்ற மறந்த ஊக்கு சங்கிலியைப் பிடித்து இழுக்கும். "இன்னுங் கொஞ்சம் உள்ள" என்பான். அங்கே ஒரு டிரங்குப் பெட்டியும் ஒட்டடையும் இருந்தன. "சரி, ஜாக்கிரதையா இரு" என்று வைத்துவிடுவான். பட்டினத்தில் இருக்கிற அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதும் நின்றுபோனது. தங்கினால், எங்கே தங்கினாள் என்று வேறு ஒரு பேச்சு கிளம்பும். செருப்பை எடுக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்குமுன் அவளே அதை எடுத்துவந்து போட்டாள்.

கார்த்திகையில் திருடன் வந்தான். போனது அன்னபூரணியின் வீட்டுக்கு. சாயங்கால நேரம், கொல்லைக் கதவை நெம்பி உள்ளே புகுந்து வளையல்களையும் ஒரு சங்கிலியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அன்னபூரணி அப்போது குஞ்சிதபாதம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சுகிர்தா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழுவாதீங்க அண்ணி."

"ஒன் வீட்டுக்கு வரமாட்டானே" என்றாள் அன்னபூரணி, மூக்கைச் சிந்தியபடி. "ஒனக்குத்தான் காவலுக்கு ஆள் இருக்கே."

பொங்கல் கழிந்து ஆள் பிடிபட்டான். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு வருகிற போலீஸ்காரர் ரொனால்ட், சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார்.

"மொதல்ல ஒங்க வீட்டத்தாங்க்கா பாத்து வச்சிருக்கான். நீங்க ஒத்தையா இருக்கீங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். ஐப்பசி மழையில ஊரே சேறு, அந்தச் செருப்புல மட்டும் ஒரு பொட்டு சேறு இல்ல, எந்த ஆம்பளயும் அதப் போட்டு நடக்கலன்னு சொல்றான்."

சுகிர்தாவின் கை மாத்திரை அட்டை மேலேயே நின்றது. "அப்புறம் ஏன் வரல?"

"எங்கேர்ந்து வர்றது? எந்நேரமும் நாலு பேரு ஒங்க வாசலயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களாமே. அதான் பாக்க ஆளில்லாத வீடாப் பாத்துப் போயிட்டான்."

மாத்திரையைக் கவரில் போட்டு நீட்டினாள். அவர் பிடித்த பிறகும் அவள் கவரை விடவில்லை.

"சார், எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுத் தரேன். அந்தச் செருப்பு விஷயத்த மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்றீங்களா?"

"அவருக்கு எதுக்குங்க்கா?" என்றார் ரொனால்ட். "ஒங்க வீட்டுலதான் ஒண்ணும் போகலயே."