ஆறோடு நின்றுபோன எண்ணிக்கை

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சு முடிந்து கீரமங்கலத்துக்குத் திரும்பியபோது மூக்கில் ஒரு குழாய் தொங்கியது. பாலும் கஞ்சியும் அதன் வழியாகத்தான். நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்க வேண்டும்; வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. விடாமல் செய்தால் குழாயை எடுத்துவிடலாம், விட்டுவிட்டால் தொண்டை இறுகிப்போகும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினாள். எண்ணுவதும் எழுதுவதும் என் பொறுப்பு.

எனக்கு வாய் நீளம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என் குடத்தைத் தள்ளிவைக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. அப்படிப்பட்ட என்னாலேயே, காய்ந்த வாயோடு அந்த மனுசன் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. ஆறாவது தடவையில் போதும் என்று கையைத் தூக்குவார். கண்ணில் நீர் நிற்கும். பார்க்க வந்த நாத்தனார் வேறு, "எந்தம்பிய ஏன் இப்புடிப் போட்டு வதைக்கிற? ஒனக்கு ஈவு எரக்கமே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று முதல் ஆறோடு விட்டேன். தாளில் பத்து என்று எழுதினேன். ஆறு மூன்றானது. சில நாள் ஒன்றுமே இல்லை. அப்போதும் பத்துதான். கட்டத்தை வெறுமையாக விட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, பயிற்சி கொடுத்த அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். கெட்டியான கஞ்சியை அரை ஸ்பூன் அவர் வாயில் வைத்துப் பார்த்தாள். இறங்கவில்லை. இருமல் அடங்கவே வெகுநேரம் ஆனது. பிறகு தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒரு வேளைகூட விடாம செஞ்சிருக்கீங்கம்மா. இவ்வளவு செஞ்சும் எறங்கலைன்னா, இனிமே பயிற்சியால வராதுன்னு நெனைக்கிறேன். வயித்துல நிரந்தரமா குழாய் வைக்கிறதப் பத்தி டாக்டர்ட்ட பேசுவோம்."

அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, வயிற்றில் ஓட்டை போடவும் சம்மதித்து உட்கார்ந்திருந்தார்.

"அது பொய்ம்மா. பத்துன்னு எழுதுனது நாந்தான். அவுங்க செய்யல. நான் செய்ய விடல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இனிமே வரும்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றாள். "ஒரு மாசம் பாப்போம். எத்தனை செஞ்சாரோ அத மட்டும் எழுதுங்க." புதுத் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். ஆறில் கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன்.

"ஏழு," என்றேன்.