வெள்ளை அடுக்குச் சங்குப்பூ

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்வேலியோரம் ஆறடி அகலத்துக்கு மண் இருந்தது. அதில் சிமெண்ட் போட்டு இரண்டாவது காரை நிறுத்த வேண்டும் என்றாள் மனைவி. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே பழகியவன் நான். இதற்கும் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரு வருஷத்தில் வெள்ளை அடுக்குச் சங்குப்பூ பூத்தால் மண் எனக்கு, பூக்காவிட்டால் சிமெண்ட்.

கைவசம் இருந்தவை அடுக்கு நீலமும் ஒற்றை வெள்ளையும். நீல மொட்டு விரியுமுன் அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளியெடுத்துவிட்டு, வெள்ளையின் மகரந்தத்தைத் தடவினேன். அந்த விதைகள் முளைத்துப் பூத்தன. அத்தனையும் ஒற்றை நீலம்.

"என்னங்க, வெள்ளையும் போச்சு, அடுக்கும் போச்சு. சிமெண்ட் லோரிக்குச் சொல்லிடவா?"

"போகல, ஒளிஞ்சிருக்கு. இதுங்களோட பிள்ளைங்கள்ல நாலுக்கு ஒண்ணு வெள்ளை, நாலுக்கு ஒண்ணு அடுக்கு. ரெண்டும் சேர்ந்தது பதினாறுக்கு ஒண்ணு."

"ரிட்டையர் ஆனவங்க மீன் பிடிக்கப் போறாங்க. நீங்க?"

அடுத்த விதைகளில் நாற்பத்தெட்டுச் செடி வளர்த்து, ஒவ்வொன்றிலும் எண் கட்டினேன். கணக்குப்படி மூன்று தேற வேண்டும். தினமும் எட்டு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு இறங்குவேன். மற்ற மூன்று வகையும் வந்தன. இரண்டு செடிகளுக்கு நேரே 'பூக்கவில்லை' என்றே எழுதி வந்தேன். வருஷக் கெடு முடிகிற சனிக்கிழமை லோரி வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பூஜைக்குப் போன மனைவி, பிரசாதப் பூவை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். வெள்ளை. அடுக்கடுக்காக இதழ்.

பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்தேன்.

"என்னண்ணே முறைக்கிறீங்க? ஒரு வாரமா ஆறு மணிக்கே பறிக்கிறேன். பிள்ளையாருக்கு இதைத்தான் முதல்ல வைப்பேன்."

வேலிக்கு மேல் கை நீட்டிச் சாமிக்குப் பறிப்பது எங்கள் தாமான் குடியிருப்பில் திருட்டில் சேராது. எல்லா நடைமுறையும் தெரிந்த நான் இதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

"எந்தச் செடி?"

"முப்பத்தொண்ணு, நாப்பத்திநாலு. நீங்கதானே நம்பர் போட்டீங்க, லா!"

மூன்றுக்கு இரண்டு. ஒன்றே போதும்; அதன் விதையில் இனி வெள்ளை அடுக்கைத் தவிர வேறெதுவும் வராது. இதை மனைவிக்கு மூன்று முறை விளக்கினேன். இரண்டு முறை தேவையில்லாமல்.

அவள் போனை எடுத்தாள். "போஸ், நாளைக்கு லோரி வேணாம். இல்ல, மழை இல்ல. எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சிட்டார்."

ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.