அன்புக்கரசியின் சத்தம்

அன்புக்கரசி முதன்முதலாகக் கராத்தே உடுப்பு போட்டபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கோட்டூர்புரம் திடலில் ஞாயிறு காலை வகுப்பு. மஞ்சள் பெல்ட் வாங்கும்வரை சின்னப் பிள்ளைகளோடு அம்மாவோ அப்பாவோ சேர்ந்து கற்க வேண்டும் என்பது செம்பியன் மாஸ்டரின் விதி. அவள் மகள், ஏழு வயது தன்ஷிகாவுக்கு அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. திருப்பூருக்கு வேலை தேடிப் போன அப்பாவின் எண் நான்கு வருடமாக உபயோகத்தில் இல்லை.

திடலுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த ஆற்றோரத்து வீடுகளை இடித்ததும் அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. பழைய அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறினார்கள். அடையாறு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள், மகளைத் தவிர யாரோடும் பேசாமலே படுத்துவிடுவாள். அதனால் ஞாயிறன்று இரண்டு பஸ் மாறி வருவது அவளுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. மகளின் குட்டி முஷ்டி தன் உள்ளங்கையில் வந்து மோதும் அந்த ஒரு மணி நேரம் போதும்.

கைகால்கள் சீக்கிரம் பழகின. சத்தம்தான் வரவில்லை. குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்; அவள் வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

முதல் பெல்ட் தேர்வில் தன்ஷிகா மஞ்சள் பெல்ட் வாங்கினாள்.

"குத்து சுத்தமா கீதுக்கா. கொரல் வரலியே. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் மாஸ்டர் அன்புக்கரசியிடம்.

மறுவாரம் தன்ஷிகா மஞ்சள் வரிசைக்குப் போய், ரூஹி என்ற சிறுமியோடு ஜோடி சேர்ந்தாள். பக்கத்தில் போன அன்புக்கரசியிடம், "அம்மா, நீ அங்கியே நில்லு. ரூஹி சிரிக்கிறா" என்றாள். அன்று முழுக்க அன்புக்கரசி ஜோடியில்லாமல் காற்றைக் குத்தினாள்.

எங்கே போய்க் கத்துவது? குடியிருப்பில் கத்தினால் மாடியே கூடிவிடும். அடுத்த வாரம் மகள் வகுப்பில் இருக்கும்போதே ஆற்றோரம் நடந்தாள். வீடுகள் இருந்த இடத்தில் கம்பிவேலி போட்டிருந்தார்கள். உள்ளே ஆமணக்குச் செடிகள். தன் வாசல் எதுவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேலியைப் பார்த்து நின்று குத்தினாள். நாலாவது குத்தில் சத்தம் வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை.

காவலாளி ஓடிவந்தார். "இன்னாம்மா, எவனாச்சும் எதுனா பண்ட்டானா?"

"இல்லண்ணா. கராத்தே."

"தனியாவா?"

"ஆமாண்ணா."

சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மறுபடி கத்தினாள். மூன்று மாதமும் ஞாயிறுதோறும் போனாள்.

இரண்டாம் தேர்வில் அவள் கத்தியதும் திடலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டரே மஞ்சள் பெல்ட்டைக் கட்டிவிட்டார். தன்ஷிகா அப்போது ரூஹியோடு தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இனிமே நீயும் எங்க வரிசையாம்மா?"

கேட்ட முகத்தில் இருந்த தயக்கத்தை அன்புக்கரசி பார்த்துவிட்டாள்.

"இல்லடா. பெரியவங்க பேட்ச் ஒண்ணு கீதுல்ல, அதுல சேந்துக்கறேன்." அந்த நொடி வரை அவள் அப்படி நினைத்ததே இல்லை.

"சரி" என்று மகள் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

பெரியவர்கள் திடலின் அந்தக் கோடியில் பயிற்சி செய்தார்கள். மொத்தம் நாலு பேர். எல்லாரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் பழகியவர்கள். அன்புக்கரசி ஓரமாகப் போய் நின்றாள். மூன்றாவது வாரம்தான் ஜுவேரியா என்ற பெண் வந்து எதிரே நின்று கைகளை உயர்த்தினாள்.

"எனக்கும் இன்னிக்கு ஜோடி இல்ல. உங்க பேர் என்ன?"