டோரதி மிஸ்ஸின் முப்பத்து மூன்று தொட்டிகள்

எங்கள் காக்ஸ் டவுன் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். மொட்டை மாடியில் முப்பத்து மூன்று செடித் தொட்டிகள். அத்தனையும் மூன்றாம் மாடி டோரதி மிஸ்ஸுடையவை. தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், தனி ஆள். முழங்கால் வலியோடு தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். டேங்கர் லாரிக்காக நாங்கள் நாயாய் அலைந்த கோடையிலும் செடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு சொம்புகூட அவர் ஊற்றியதில்லை. அவருடைய தண்டுக்கீரையைச் சாப்பிடாத வீடு இங்கே கிடையாது. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் நான்காம் மாடிக் கூரை ஒழுகியது. அங்கே குடியிருக்கும் சங்கச் செயலாளர் பாலகுமார், செடிகள்தான் காரணம் என்றார். வாட்டர் டேங்க் குழாயில் விரிசல் என்று பிளம்பர் தொட்டே காட்டினார். யார் காதில் விழுந்தது?

முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பாலகுமாரின் அண்ணன் மகள் கிருத்திகா கல்லூரி ஆய்வுக்காக அன்றைக்குப் படிவங்களோடு வந்திருந்தாள். நகரத்தில் வீட்டுத்தோட்டம் போட உங்களுக்கு விருப்பமா என்பது கேள்வி. எல்லோரும் ‘மிகவும் விருப்பம்’ என்று டிக் அடித்தோம். போட்டோவுக்காகக் கையையும் தூக்கினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாடியைக் காலி செய்ய வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பாலகுமார். அதே கைகள் மறுபடியும் எழுந்தன. வாடகைக்காரனுக்கு ஓட்டு இல்லை என்பதால் என் கை தப்பித்தது. வாய்க்குத் தடை இல்லை. அதையும் நான் திறக்கவில்லை.

“அப்ப எதுக்கு போட்டோ எடுத்தீங்க?” என்று மட்டும் மிஸ் கேட்டார்.

“அது ஜெனரலா சொன்னது மிஸ்,” என்றார் பாலகுமார்.

ஜெனரலாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மிஸ் ஆள் வைத்துத் தொட்டிகளை இறக்கி, தன் வீடு நீங்கலாகப் பதினொரு வாசலிலும் மூன்று மூன்றாக வைத்தார். கதவைத் திறந்தவர்களிடம், “வளக்க ஆசைன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல, வளத்துக்கோங்க,” என்றார். முதல் மாடியில் தக்காளிச் செடியோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்கள்.

பத்தே நாளில் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே கேட் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. ஒருவர் வீட்டில் கொசு வந்ததாம். இன்னொருவருக்கு நேரமில்லை. பாலகுமார் வீட்டு டைல்ஸில் மண் படுகிறதாம். என் வாசலில் இருந்த மூன்றும் காய்ந்தன. ஆபீசில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஸ் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து அவற்றையும் கீழே கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து இன்னும் கோபமாகிறது.

நேற்று மிஸ் கேட் ஓரத்தில் உட்கார்ந்து காய்ந்த வேர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கிருத்திகா போன் செய்தாள். கையெல்லாம் மண் என்பதால் மிஸ் ஸ்பீக்கரில் போட்டார், பக்கத்தில் பைக்கை எடுக்க வந்த எனக்கும் கேட்டது. படிவம் நிரப்பியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி வருகிறாளாம். அவள் போன பதினாலு கட்டடங்களில் வீட்டுத்தோட்டத்தில் ஆர்வம் அதிகம் எங்கள் கட்டடத்தில்தானாம். நூற்றுக்கு நூறாம்.

“அந்தப் பேப்பர்ல இன்னொரு கேள்வி சேத்துக்கோம்மா,” என்றார் மிஸ். “தண்ணி ஊத்துனீங்களான்னு கேளு.”

போனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.