மூடி போட்ட ஊசி

சுடர்விழி என்கிற பேர் எங்கள் காதில் முதன்முதலாக விழுந்தது குருசுக்குப்பத்துக் குழாயடியில். பாவாடை என்கிற பெரியவரின் மூன்றாவது மகன் சந்திரமோகனுக்குப் பெண் பிறந்திருக்கிறது, மில்லில் வேலை பார்த்த, தமிழ்ப் பேராகத் தேடி வைக்கிற இராமதாஸ் வந்து பேர் வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னார்கள். அந்தக் குடும்பத்தில் அதுவரை வைத்ததெல்லாம் அம்மன் பேர், இல்லாவிட்டால் செத்துப்போனவர்கள் பேர். இது என்ன பேர், வாயில் நுழையவில்லையே என்று குடத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் சிரித்தோம். சந்திரமோகனின் அக்கா செல்வாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நுழையாத வாய மூடிக்கினு தண்ணி புடிங்க" என்றாள். அவளே ஒரு வாரத்தில் அதைச் 'சுடரு' என்று சுருக்கிவிட்டாள்.

அந்தச் சுடர் வளர்ந்து, லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் சேர்ந்தாள். அப்பன் கடலுக்குப் போகிறவன், அம்மா கண்ணகி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அந்த வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள் இவள்தான். இப்போது சொல்லப்போவது அவள் இரண்டாம் வருஷம் படித்தபோது பங்குனியில் வந்த ஒரு வாரம். மீன்பிடி தடைக்காலத்துக்கு இன்னும் மூணு வாரம் இருந்தது. அதற்குள் முடிந்தமட்டும் பிடித்துவிட வேண்டுமென்று குப்பத்துப் படகெல்லாம் ஓய்வில்லாமல் போய் வந்துகொண்டிருந்தன. சுடருக்கும் ஓய்வில்லை. திங்கட்கிழமை வார்டு, செவ்வாய்க்கிழமை பரீட்சை, புதன்கிழமை காசநோய் ஊர்வலம், வெள்ளிக்கிழமை ஒரு நோயாளியைப் பற்றி எழுதிப் படிக்கவேண்டிய பாடம்.

திங்கட்கிழமை பதினொண்ணே கால் மணிக்கு அது நடந்தது. ஆஸ்பத்திரியில் நெடுமாறன் என்று ஒரு நோயாளி. சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்த்தவர், ஐம்பது வயசிருக்கும், இரண்டு மாதக் காய்ச்சலில் தோலும் எலும்புமாக இருந்தார். டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் நின்றார். சுடர் நன்றாகத்தான் எடுத்தாள். ரத்தத்தைக் குப்பியில் விட்டு முடித்த நேரம், அடுத்த கட்டிலில் ஒருத்தர் வாந்தியெடுத்தார். ஸ்டாஃப் அங்கே ஓடினார். சுடரும் திரும்பிப் பார்த்தாள். திரும்புகிற அந்த நொடியில் அவள் கை தானாக மூடியை எடுத்து ஊசிக்குப் போட்டது. மூடி சரியாக உட்காரவில்லை. ஊசி கையுறையைத் துளைத்து இடது ஆள்காட்டி விரலில் ஏறியது.

ஊசிக்கு மூடி போடக்கூடாது, அப்படியே வெள்ளை டப்பாவில் போடவேண்டும் என்பது முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தக் கை யார் வளர்த்த கை? ஆறு வயசிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீன் நறுக்கிய கை. எழுந்தாலும் சரி, பக்கத்து ஆளிடம் பேசத் திரும்பினாலும் சரி, அருவாமனையைப் படுக்கப் போட்டுவிட்டுத்தான் திரும்பவேண்டும் என்று கண்ணகி முதுகில் அடித்துப் பழக்கியிருந்தாள். கண்ணகியின் தம்பி சரத்குமார் மூணு வயசில் நிறுத்தி வைத்த அருவாமனைமேல் விழுந்து, புருவத்தில் ஏழு தையல் போட்டவன். அதனால் அந்த வீட்டில் கூர்மையான எதையும் திறந்து வைத்துவிட்டு யாரும் கண்ணை எடுக்கமாட்டார்கள்.

கையுறையைக் கழற்றிப் பார்த்தாள். கடுகளவு ரத்தம். உடனே அந்த விரலை அழுத்திப் பிழிந்து, மார்க்கெட்டில் முள் குத்தினால் செய்வதுபோல வாயில் வைத்துச் சப்பிவிட்டாள். சப்பின பிறகுதான் உறைத்தது. கட்டிலில் தொங்கிய நெடுமாறனின் சீட்டைப் படித்தாள். அன்றைக்கு எடுக்கச் சொன்ன டெஸ்டுகளில் எச்.ஐ.வி. என்றும் ஒன்று இருந்தது. காமாலைக்கு அவளுக்கு முதல் வருஷமே தடுப்பூசி போட்டாகிவிட்டது. இதற்குத் தடுப்பூசி கிடையாது.

சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் டீச்சர் அமிர்தவல்லி மேடம் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து, குத்தின ஊசிக்கு மூடி போடுகிறவள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். சுடர் குப்பத்துப் பெண். அங்கே பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான், நாளைக்கு மாற்றிப் பேசுகிற வழக்கமில்லை. மேடம் சொன்னதையும் அவள் அப்படியே நம்பினாள். சொன்னால் படிப்பு போகும். சொல்லாவிட்டால் உயிர் போகுமோ என்னவோ. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பரீட்சையில், நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால் என்ன செய்யவேண்டும் என்றே ஒரு கேள்வி வந்தது. கேள்வியைப் படித்ததும் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது, தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு எழுதினாள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். பிழியக்கூடாது. வாயில் வைக்கக்கூடாது. உடனே சொல்லவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்லது, எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டினால் பலனில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு விரல்விட்டு எண்ணினாள். வியாழக்கிழமை பதினொண்ணே கால்.

வீட்டில் அதைவிட மோசம். தட்டில் தொத்தாது, துண்டில் தொத்தாது என்று புத்தகத்தில் படித்தவள்தான். படித்து என்ன, பயம் புத்தகத்தைக் கேட்கிறதா? தன் தட்டைத் தனியாகக் கழுவி வைத்தாள், தன் துண்டை மறைத்து வைத்தாள். கண்ணகி மிச்சமிருந்த சங்கரா மீனை நறுக்கக் கூப்பிட்டபோது மாட்டேன் என்றுவிட்டாள். விரல் வெட்டி ரத்தம் மீனில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

"நர்சம்மாவுக்கு இப்பவே கவுச்சி ஆவலியாம்" என்று கண்ணகி வாசலைப் பார்த்துச் சொன்னாள். "சம்பளம் வாங்கினா எங்கள வூட்டுக்குள்ளயே வுடமாட்டா போல."

செல்வாம்பாள் அத்தை தெருவிலிருந்தே பதில் கொடுத்தாள். "வுடுவா வுடுவா, டெட்டால் ஊத்திக் கழுவிட்டு வுடுவா."

சுடர் சிரிக்கவில்லை. கண்ணகி அதைக் கவனித்தாள்.

புதன்கிழமை கடற்கரைச் சாலையில் ஊர்வலம். வெள்ளை யூனிபார்மில் அறுபது பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டு போனார்கள். சுடர் கையிலிருந்த அட்டையில் 'மறைக்காதீர்கள், பரிசோதனை செய்யுங்கள்' என்று எழுதியிருந்தது. காந்தி சிலை வருவதற்குள் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். தேவிப்பிரியா என்கிற சிநேகிதி தண்ணீர் கொண்டுவந்தாள். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் பெண், அப்பா கிளார்க், ஸ்கூட்டியில் வந்துபோகிறவள். என்ன ஏது என்று அவள் குடைந்ததில் சுடர் சொல்லிவிட்டாள். தேவிப்பிரியாவுக்கு முகம் வெளுத்துப் போனது.

"உனக்கு அறிவு இருக்குதா? ரெண்டு நாளாச்சு. இப்பவே மேடம்கிட்ட வா."

"படிப்பு போயிடும்டி."

"நீ செத்துட்டா பட்டத்த யாருகிட்ட குடுப்பாங்க?"

சுடர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நெடுமாறனின் ரிசல்ட் நாளைக் காலையில் வந்துவிடும், நன்றாக வந்தால் யாருக்கும் சொல்லவே வேண்டாம் என்று கெஞ்சினாள். நாளைக்குப் பத்து மணிக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று தேவிப்பிரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இந்த மூன்று நாளும் சுடர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நெடுமாறன் கட்டிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவர் இருமினால் இவளுக்கு நெஞ்சு அடைத்தது, அவர் இரண்டு இட்லி தின்றால் கொஞ்சம் மூச்சு வந்தது. அவருக்கு அது வேடிக்கை. "இன்னாம்மா, வந்து வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போற? இருக்கறனா போயிட்டனான்னு கணக்கெடுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்பார். அவர் சம்சாரம், அந்தப் பாப்பாவை ஏன் பயமுறுத்துகிறாய் என்று அவரை அதட்டுவாள்.

வியாழக்கிழமை காலையில் சுடர் வார்டுக்குள் போனபோது அந்தக் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள், மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. சீட்டும் இல்லை, அவர் வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையும் இல்லை. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தாள். அவரோடு அந்த ரிசல்டும் போய்விட்டது, இனி ஒருநாளும் தெரியாது என்று நினைத்தாள். சுவரிலிருந்த கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். தேவிப்பிரியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர் அவளைத் தாண்டி, கிட்டத்தட்ட ஓட்டமாக, அமிர்தவல்லி மேடம் ரூமுக்குப் போனாள்.

மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சுடர் விரலை நீட்டினாள். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஊசி, மூடி, நெடுமாறன், வாயில் வைத்தது வரைக்கும்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை மணிக்கு?"

"திங்கக்கெழம பதினொண்ணே கால், மேடம்."

அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து வந்து சுடரின் மணிக்கட்டைப் பிடித்தார். மூணு மாடி இறங்கி, அடுத்த கட்டடத்துக்குப் போகிறவரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை. திட்டெல்லாம் நடையிலேயே வந்தது. எழுபது மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க யார் சொல்லிக்கொடுத்தது என்றார். இதே கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியிருக்கிறாயே என்றார். சுடர் அழுதுகொண்டே, "வீட்டுக்குப் போவச் சொன்னீங்களே மேடம்" என்றாள். மேடம் படியில் ஒரு நொடி நின்றார். "அது நீங்க மூடி போடக்கூடாதுன்னு சொன்னது. போட்டுட்டா எங்கிட்ட சொல்லக்கூடாதுன்னா சொன்னேன்?" என்றார்.

பத்தே காலுக்கு முதல் மாத்திரையை விழுங்கவைத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். நெடுமாறன் சாகவில்லை, நெஞ்சு வியாதி வார்டுக்கு மாற்றியிருந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அவர் ரிசல்ட் மத்தியானம் வந்தது. சுடருக்குச் சிகிச்சை நடப்பதால் அவளுக்கு மட்டும் டாக்டர் அதைச் சொன்னார், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். சுடர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரிசல்ட் நல்லதாக வந்திருந்தால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தவில்லை. இருபத்தெட்டு நாளும் போடச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை நெடுமாறனைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் இவளைப் பார்த்துக் கையைத் தூக்கி, "இன்னாம்மா, வார்டு மாறுனதும் மறந்துட்டியா?" என்றார். சுடர் இல்லை என்று தலையாட்டினாள். அதற்குமேல் நிற்க முடியவில்லை. தனக்குப் பயப்படுவதா, அந்த மனுஷருக்காகப் பயப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சனிக்கிழமை காலையில் கண்ணகி கூடையை இறக்கி வைத்தாள், மீன் வாடை பட்டதும் சுடர் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். சாப்பாடு இறங்காத பெண், தனித் தட்டு, தனித் துண்டு, இப்போது வாந்தி. செல்வாம்பாள் கண்ணகியைப் பார்த்தாள். கண்ணகி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு மகளின் முகத்தை நிமிர்த்தினாள்.

"யாருடி அவன்?"

"அய்யோ, யாரும் இல்லம்மா."

"எத்தினி நாளு?"

நாள் என்றதும் சுடர், "இருபத்தெட்டு நாளும்மா, ரெண்டுதாம்மா போட்டுருக்கேன்" என்று மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நெடுமாறன் ரிசல்டை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணகிக்கு அந்த வியாதியின் பேர் தெரியும். சுருக்குவலைப் படகில் வேலைக்குப் போன இரண்டு பேர் அதில் செத்தது தெரியும், அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை யாரும் தொடாததும் தெரியும். மகளின் இடது கையை மடியில் எடுத்து வைத்து, அந்த விரலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். அங்கே குத்தின தடம்கூட இல்லை.

"இந்த மாத்திரய எத்தினி மணிக்குப் போடணும்?" என்று கேட்டாள்.

வெளியே வந்து அல்சர் என்று எல்லோருக்கும் சொன்னாள். ஆஸ்பத்திரி கேன்டீன்காரனைத் தெருவே திட்டியது. உண்மை எங்களுக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து, சுடரே சொல்லித்தான். மிச்ச நாளெல்லாம் கண்ணகி காலை பத்தே காலுக்கு, மார்க்கெட்டில் எத்தனை பேர் விலை கேட்டு நின்றாலும், ஈரக் கையோடு போனை எடுத்து, போட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட், மூணு மாதத்தில் ஒரு டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வருகிறவரைக்கும் தாயும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நடமாடினார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

இப்போது சுடர்விழி நாலாம் வருஷம் படிக்கிறாள். இந்த மாதம் அவளுக்குப் பிரசவ வார்டில் காலை ஷிப்டு.