ரக்பி முடிவும் என் முகமும்

இன்று ஆல்பர்ட் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆஸ்திரேலியாவில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு யாங்கோன் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்தது ரக்பி லீக் பைத்தியம் ஒன்றுதான்.

அண்ணன் உயிரையே வைத்திருக்கும் அந்த நாட்டு சாம்பியன் கிளப்பும் இங்கிலாந்து சாம்பியன் கிளப்பும் நேற்று ராத்திரி மோதின. அண்ணன் வீட்டில் அப்போது கரண்ட் இல்லை. இன்று ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் முழு மேட்சையும் பார்க்க இருந்தார். அதனால் கடைக்கு வந்த எல்லோரிடமும், "ரிசல்ட்டை மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமே சாம்பியன்தானே, கோ ஆல்பர்ட்? அப்புறம் எதுக்கு மேட்ச்?" என்று பர்மியத்தில் கேட்டார் பக்கத்துக் கடை மா கின். ('கோ' என்றால் அண்ணன்.)

எனக்கு முடிவு தெரியும். பிரிஸ்பேனில் இருக்கும் தம்பி காலையிலேயே அனுப்பிவிட்டான். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு காகிதங்களை நீட்டினேன்.

அண்ணன் உற்றுப் பார்த்தார். "தம்பி சொல்லிட்டானா?"

"நான் ஒண்ணும் சொல்லலையேண்ணே."

"அதான் மூஞ்சி சொல்லுதே தங்கச்சி. தோத்துட்டோம்."

உடனே மனைவிக்குப் போன் போட்டார். "மேரி, சாயங்காலம் டிவி உனக்குத்தான். உன் கொரியன் சீரியலைப் பாரு."

அவருடைய அணி ஜெயித்துவிட்டது.

சொன்னால் மேட்ச் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் பார்க்கவே மாட்டார். இப்போது மணி நாலரை. யாராவது ஒரு வழி சொல்லுங்கள், அண்ணன் ஃபேஸ்புக் பக்கம் வருவதில்லை.