கேட்காத புல்

காலை ஏழு மணிக்குத் தண்ணீர்க் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், இன்றைக்குத் தண்ணீர் விடும் நாள் இல்லை என்பது தோட்டத்தக்காவுக்கு ஞாபகம் வரும். "அட, என் புத்தியே" என்று முணுமுணுத்தபடி குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே திரும்புவாள். வாரத்தில் ஆறு நாள் இதே கதைதான்.

கை கால் விளங்காமல் போனவர்கள் தங்கியிருந்து, திரும்ப நடக்கவும் பிடிக்கவும் பழகுகிற மருத்துவமனை அது. நாலு பக்கமும் வராந்தா, நடுவில் முற்றம். பதினெட்டு வருடமாக அந்த முற்றம் அக்காவின் பொறுப்பு. ஒல்லியான உடம்பு. யாரோ கொடுத்த ஆண்பிள்ளைச் சட்டை, அதன் பையில் சணல் கயிறும் மொட்டைக் கத்தரிக்கோலும். செருப்பை வராந்தாவிலேயே கழற்றிவிடுவாள். "மண்ணு சூடா இருக்கா, ஈரமா இருக்கான்னு காலுக்குத்தான் தெரியும். செருப்புக்கு என்ன தெரியும்?" டாக்டர்களைவிட அவளிடம்தான் நோயாளிகள் அதிகம் பேசுவார்கள். 'இன்னைக்கு எப்படி இருக்கு' என்று அவள் யாரையும் கேட்பதில்லை. அதுவே காரணமாக இருக்கலாம்.

முற்றத்தில் இப்போது இருப்பது அலங்காரப் புல். இடுப்பளவு உயரம், நுனியில் பூனைவால் போலச் சிலிர்த்த கதிர். காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். பார்க்க அழகுதான், அக்காவே ஒப்புக்கொள்வாள். போன வருடம்வரை அது வாசல் ஓரத்தில் நாலு தூர் மட்டுமே நின்றது. மற்ற இடமெல்லாம் பாலக்கீரை.

இரண்டையும் பற்றிக் கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுச் சொல்வாள். "புல்லுக்கு வெயில் நல்லா விழணும், தண்ணி தேங்கக் கூடாது. வேர் பிடிச்சிருச்சுன்னா வாரத்துக்கு ஒரு தரம் தண்ணி காட்டினாப் போதும். எரு போட்டாத்தான் கோளாறு, கொழுத்துப் போய்ப் படுத்துக்கும். வருஷத்துக்கு ஒரு மொட்டை. முடிஞ்சது." கீரை என்று வந்தால் குரல் குழையும். "இது புது மாப்பிள்ளை. ரெண்டு வேளை தண்ணி, மக்கின எரு, உச்சி வெயிலுக்கு நிழல். நாலு நாள் ஓங்கி வெயில் அடிச்சா கோவிச்சுக்கிட்டுப் பூத்துரும். பூத்தா இலை கசந்துரும். இருபது நாளைக்கு ஒரு தரம் புதுசா விதைக்கணும், நத்தையைக் கையாலதான் பொறுக்கணும். கேட்டுக்கிட்டே இருக்கும்."

இதையேதான் அவள் மேலாளரிடமும் சொன்னாள். புதிதாக வந்தவர், நல்ல மனிதர். கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். "அக்கா, முற்றம் முழுக்க ஒரே செடியா வச்சிரலாம்னு பார்க்கிறோம். எதுல பாடு கம்மி?" மூன்றாவது முறையாக விதைத்த நாற்றையும் நத்தை தின்றுவிட்ட வாரம் அது. இடுப்பு வலியில் அக்காவால் நிமிரக்கூட முடியவில்லை. "புல்லுதான் சார். நட்டுட்டு மறந்துரலாம்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். சொன்னதில் பொய் இல்லை. ஒரு சொல் கூட்டியும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துக் கீரையை அவளே வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

அப்போது அவள் நினைத்துப் பார்க்காதது பஸ்காரரை.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை, "நான் என்ன பச்சப்புள்ளையா" என்று சுவரில் எறிந்தவர். கீரை இருந்த காலத்தில் ஒருநாள் அக்கா பெரிதாக எதையும் யோசிக்காமல், "அண்ணே, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. அந்தப் பழுத்த இலையைக் கிள்ளிப் போடுங்களேன்" என்றாள். அவர் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கைக்கு என்ன?"

"அது செத்துப்போச்சும்மா."

"செத்தா நாறும். நாறலையே."

பஸ்காரர் சிரித்துவிட்டார். அந்த மருத்துவமனைக்கு வந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நர்ஸ் பிற்பாடு சொன்னாள். மறுநாளிலிருந்து தினமும் இடது காலால் சக்கர நாற்காலியை உந்தி உந்தி வந்து சேர்ந்துவிடுவார். முதல் மாதம் இலை விரலிடுக்கில் நிற்கவே இல்லை. இரண்டாம் மாதம் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. மூன்றாம் மாதம், சமையலுக்குப் போன கீரைக் கூடையில் பாதி அவர் கிள்ளியது என்று சமையற்காரர் வராந்தாவில் நின்று எல்லோருக்கும் காட்டினார்.

புல் வந்த பிறகும் அதே நேரத்துக்கு வந்தார். "எனக்கு என்னம்மா வேலை?"

"இதுல கிள்ள ஒண்ணும் இல்லண்ணே."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள் வலது கையால் ஒரு புல்தாளைப் பிடித்து உருவியிருக்கிறார். புல்லின் விளிம்பு கத்தி மாதிரி. உணர்வு மரத்த விரலிலிருந்து ரத்தம் சொட்டுவது அவருக்குத் தெரியவே இல்லை. அக்காதான் பார்த்து ஓடிவந்து, சட்டை நுனியால் அழுத்திப் பிடித்தாள். அதற்குப் பிறகு நர்ஸ் அவரை வராந்தாவை விட்டு இறங்க விடவில்லை. ரப்பர் பந்து திரும்பி வந்தது. அவர் இந்தத் தடவை அதை எறியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா மேலாளரிடம் போனாள். "சார், ஒரு மூலையில ஆறடி மட்டும் கீரைக்கு விட்டுருங்க. நான் பார்த்துக்கறேன்."

மேலாளர் கோபப்படவில்லை. "நீங்க சொல்லித்தானேக்கா செஞ்சோம்? தண்ணியும் வாரம் ஒரு நாள்தான்னு முடிவாயிருச்சே."

செடிக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டார், அவள் சொன்னாள். அந்தச் செடி யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. "அன்னைக்கு எனக்கு இடுப்பு வலி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அவருக்கு அது புரியவில்லை.

ஒரு பழைய வாளியில் விதைத்து, வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். முதல் முளை வெயிலில் கருகிற்று. அடுத்தது நாலு இலை விடுவதற்குள் பஸ்காரரின் மகள் காரோடு வந்துவிட்டாள். இனிமேல் முன்னேற்றம் இருக்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மகளின் வீடு நாலாவது மாடியில்.

முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்ததும் பஸ்காரர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். "வரேம்மா. இடுப்பைப் பார்த்துக்க" என்று இடது கையை வெளியே நீட்டினார். அக்கா அதைப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து, அவர் மடியில் சுருண்டு கிடந்த வலது கையை எடுத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். விட்டதும் அவை மூடிக்கொண்டன. மகள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அக்கா மறுபடியும் கட்டைவிரலிலிருந்து விரிக்க ஆரம்பித்தாள்.